ஞாயிற்றுக்கிழமைகளில் மழை பெய்யாத ஊர்

1. நிஸார் நானாவின் கண்டுபிடிப்பு

கெட்ட செய்திக்கு நான் பயப்படுகிற ஆள் இல்லை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருபது வருடம் கிளாக்கராக இருந்தவனுக்கு அது காலைத் தேநீர் மாதிரி. நேரத்துக்கு வராவிட்டால்தான் கவலை. என் உத்தியோகத்தில் நான் நிஜமாகவே நடுங்கியது ஒரு நல்ல செய்தியைக் கேட்டு.

அதைக் கொண்டுவந்தவர் நிஸார் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். பஜாரில் குடை, மழைக்கோட்டு, கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு எல்லாம் விற்பவர். ஊர்க் கால்பந்துக் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான்.

அந்த வருடம் கமிட்டிக்குக் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான அகில இலங்கைக் கால்பந்துப் போட்டி, ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும், நடத்த விரும்புகிற ஊர்கள் விண்ணப்பிக்கலாம் என்று. ஆகஸ்டில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று ஹட்டனுக்கு மேலே பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். கிரவுண்டில் ஒரு கோல் கம்பத்தடியில் நின்றால் மழையிலும் மூட்டத்திலும் மற்றக் கம்பம் தெரியாது. சில நாட்களில் பந்தே தெரியாது. சத்தத்தை வைத்துத்தான் உதைக்க வேண்டும்.

ஆனாலும் அந்தக் கடிதத்தில் இரண்டு வரிகள் இருந்தன. போட்டியை நடத்துகிற ஊரின் அணிக்குத் தெரிவு ஆட்டம் கிடையாது, நேரடியாகவே ஆடலாம் என்பது ஒன்று. அந்த வரியைப் பிடித்துக்கொண்டவர் தமிழ்ப் பாடசாலையின் விளையாட்டு ஆசிரியை கோமதி டீச்சர். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகளை வைத்து ஓர் அணியைக் கட்டி, மூன்று வருடமாகத் தெரிவு ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தவர். விண்ணப்பத்தோடு ஐந்து வருட மழைப் பதிவை இணைக்க வேண்டும் என்பது இரண்டாவது வரி. அதைப் பிடித்துக்கொண்டவர் நிஸார் நானா. ஊரில் மழைப் பதிவு இருந்த ஒரே இடம் என் மேசை.

தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் அனுமதி வாங்கி, வெள்ளிக்கிழமை ரெயின் புக்குகளைக் கொண்டுபோன மனிதர், திங்கட்கிழமை காலை குடையை உதறிக்கொண்டே ஆபீசுக்குள் வந்தார். முகம் பெருநாள் பிறை கண்ட முகம்.

"கிளாக்கர், ஒங்களுக்கு ஒரு விசயம் தெரியுமா? இந்த ஊர்ல ஞாயித்துக்கெழம மழ பேயுறதே இல்ல!"

நான் பேனாவை மூடினேன். மூடி எனக்கு மூன்றாவது முறைதான் பொருந்தியது.

"அஞ்சு வருசத்தயும் மகள்ட குடுத்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். ஞாயிறு அம்புட்டும் சைபர். ஆகஸ்ட்லயும் சைபர்! அல்லாட காவல், முப்பது வருசமா இந்த ஊர்ல குடை விக்கிறேன், எனக்கே தெரியாமப் போச்சே!"

"அதிசயந்தான் நானா" என்றேன்.

"ஆனா ஒண்ணு. திங்கக்கெழமயில மட்டும் வானம் பொத்துக்கிட்டு ஊத்துதே, அது ஏன்?"

பயம் வந்தால் என் வாய் தானாகவே பகிடி பேசும். அது ஒரு வியாதி. "ஞாயிறு லீவு எடுத்துட்டு, திங்கக்கெழம ரெண்டு நாள் வேலைய சேத்துப் பாக்குது நானா. மழையும் ஆபீஸ் ஆளுதானே" என்றேன்.

நானா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை என்று அவருக்குத் தெரியாது.

2. உண்மை

இப்போது ஆபீசில் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு விளக்கமாகவே சொல்கிறேன். ஆபீசுக்குப் பின்னால் வேலி போட்ட இடத்தில் ஒரு தகரக் குழாய் நிற்கும். அதுதான் ரெயின் கேஜ். தினமும் காலை எட்டு மணிக்கு அதிலுள்ள தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அளவு பார்த்துப் புத்தகத்தில் எழுத வேண்டும். தினமும் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் இரண்டு போர்வைகளுக்குள் இருப்பேன். கட்டத்தை வெறுமையாக விட்டால் துரை கேட்பார். ஆகவே பூஜ்யம் போட்டுவிடுவேன். ஞாயிறு அளக்காத தண்ணீர் எங்கும் ஓடிப்போகாது. திங்களன்று அதையும் சேர்த்து எழுதிவிடுவேன். மாத முடிவில் கூட்டுத்தொகை சரியாகத்தான் இருக்கும். மனச்சாட்சிக்கும் சரியாகத்தான் இருந்தது, நானா வருகிற வரைக்கும்.

வீட்டில் என் மனைவி பத்மாவிடம் சொன்னேன். ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தது என் பிழை.

"ஞாயித்துக்கெழம மழ இல்லியா? கலியாணம் ஆன நாள்லருந்து ஞாயித்துக்கெழம தொவச்ச துணி ஒண்ணாச்சும் காஞ்சிருக்கா இந்த வீட்டுல? நேத்து போர்வைக்குள்ள இருந்துகிட்டு, 'பத்மா, ஜன்னல சாத்து, சாரல் அடிக்குது'ன்னீங்களே, அதுவும் சைபரா?"

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும். அவங்க துணியுந்தான் காயல."

3. வெயில் செய்த துரோகம்

விண்ணப்பம் போய்விட்டது. ஞாயிறு மழை பெய்யாத மலையூர் என்று நானா அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார். கிரவுண்டைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. வருகிற நாள் ஞாயிற்றுக்கிழமை.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஜூன் மாதம், கொட்டோ கொட்டென்று கொட்டும், அதிகாரி நனைவார், விண்ணப்பம் தானாகச் சாகும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அந்த வாரம் முழுக்க மழைக்காக வேண்டினேன். மாரியம்மனிடம் ஒரு கிளாக்கர் தன் சொந்தப் பிழையை மறைக்க மழை கேட்டது அதுதான் முதல் முறையாக இருக்கும்.

சனிக்கிழமை வரை கொட்டியது. ஞாயிறு காலை ஜன்னலைத் திறந்தேன். வெயில்! மலை முழுக்கப் பளபளவென்று, கலண்டர் படம் மாதிரி. ஜன்னலைத் திரும்பச் சாத்தினேன்.

அதிகாரி வயதான சிங்கள மனிதர், நல்ல மாதிரி. பெரிய மழைக்கோட்டோடு வந்தவர் பத்து நிமிடத்தில் அதைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். ரெயின் புக்கைப் புரட்டினார், வானத்தைப் பார்த்தார், "ஹரி ஹொந்தய்" என்றார். ரொம்ப நல்லது என்று அர்த்தம். எனக்கு அது தீர்ப்பு வாசிப்பது போலக் கேட்டது.

"பாத்தீங்களா சேர்? பொத்தகம் பொய் சொல்லாது" என்றார் நிஸார் நானா. என் முதுகில் வேறு தட்டினார்.

போகும்போது அதிகாரி என்னிடம் சொன்னார்: ஆகஸ்ட் மாதப் பக்கங்களுக்குப் பிரதி எடுத்து, இவை தினமும் நேரில் அளந்து எழுதப்பட்டவை என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், அது வந்தால் போட்டியை உங்கள் ஊருக்கே கொடுக்கலாம்.

ஒரு வரி. ஒரு கையெழுத்து. தோட்டத்தில் ஒரு நாளைக்கு நான் போடுகிற கையெழுத்தை வைத்து கிரவுண்டுக்கே கோடு போடலாம். ஆனால் அந்த வாரம் முழுக்க அந்தத் தாளை ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு மாற்றிக்கொண்டே இருந்தேன்.

4. கோமதி டீச்சர்

முதலில் டீச்சரிடம் சொல்வது என்று தீர்மானித்தேன். அடுத்த ஞாயிறு மத்தியானம் கிரவுண்டுக்குப் போனேன். சாதாரண மழை, அதாவது மற்ற ஊர்களில் பள்ளிக்கூடத்தை மூடிவிடுகிற மழை. பிள்ளைகள் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் குடைகூட இல்லாமல் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். போர்வை உட்பட.

டீச்சர் முகத்திலிருந்த தண்ணீரை வழித்துவிட்டுச் சிரித்தார். "எனக்குத் தெரியும் கிளாக்கரய்யா."

"என்ன தெரியும்?"

"நாங்க பிராக்டிஸ் பண்றதே ஞாயித்துக்கெழமதான். அஞ்சு வருசமா நனைஞ்சுக்கிட்டு இருக்கோம். நானா அந்தக் கணக்கக் காட்டுனப்பவே தெரியும், நீங்க தூங்கிட்டீங்கன்னு."

"அப்புறம் ஏன் டீச்சர் சொல்லல?"

அவர் சிரிப்பு நின்றது. "எதுக்குச் சொல்லணும்? போன வருசம் சிநேகப் போட்டின்னு கரையோரத்து ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன். நடுப்பகல் வெயில்ல ரெண்டு பிள்ளைங்க மயங்கி விழுந்துச்சு. அந்த ஊர்க்காரங்ககிட்ட யாராச்சும் வெயில் பொத்தகம் கேட்டாங்களா? குளிரு, மழ, மூட்டம்னா மட்டும் ஊரு லாயக்கில்லையா? இந்தப் பிள்ளைங்க இதுலதான் ஆடப் பழகியிருக்கு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நம்ம ஊர்ல, நம்ம சனம் பாக்க ஆடட்டுமேன்னு நெனச்சேன். அது தப்பா?"

 எனக்குப் பகிடிகூட வரவில்லை, அதுதான் அபாய அறிகுறி.

அப்போது கோல் கம்பத்தடியில் தேங்கிய தண்ணீரில் ஒரு பிள்ளை வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். எழுந்து, ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். மற்றக் கையில் ஏற்கெனவே கட்டுப் போட்டிருந்தது.

"பழகுன பிள்ளைக்கே இப்படி" என்றேன். "வர்ற பிள்ளைங்களுக்கு இந்தத் தண்ணி தெரியாதே டீச்சர். என் பூஜ்யத்த நம்பித்தானே வருவாங்க?"

டீச்சர் விசில் ஊதி, பிள்ளைகளை அந்தத் தண்ணீரை விட்டு மறுபக்கம் அனுப்பினார்.

"எழுதுங்கய்யா. ஆனா முழுசா எழுதுங்க. மழைய மட்டும் எழுதிட்டு, எங்களக் கழிச்சிராதீங்க."

5. கமிட்டி

புதன்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.  நிஸார் நானா என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

"ஒங்க பொத்தகத்த நம்பி நான் கடையில குடை கொறச்சு எடுத்தேனே மனுசன்!"

அவர் சொன்னது பகிடிக்கா கோபத்துக்கா என்று இன்றுவரை தெரியாது. யாரோ சிரித்தார்கள், நானா சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை வாபஸ் வாங்குவோம் என்றார்கள் சிலர். கோமதி டீச்சர் எழுந்தார். "வேணாம். கேக்குறதக் கேப்போம். உள்ளதச் சொல்லிக் கேப்போம்."

அன்று எழுதிய கடிதம் என் உத்தியோகத்திலேயே நீளமானது. ஞாயிற்றுக்கிழமைப் பூஜ்யங்கள் அளந்து எழுதியவை அல்ல என்று முதல் வரி. ஆகஸ்டில் மழை பெய்யும், கோல் கம்பத்தடியில் தண்ணீர் நிற்கும், மூட்டத்தால் ஆட்டம் நிற்கலாம் என்று அடுத்தது. பெப்ரவரியில் என்றால் வானம் தெளிந்திருக்கும், குளிர் கடுமையாக இருக்கும், வருகிற பிள்ளைகளுக்குப் போர்வையும் சுடுதண்ணீரும் தர ஊர் தயார் என்று மூன்றாவது. எங்கள் பிள்ளைகள் ஐந்து வருடமாக எந்த மழையில் ஆடுகிறார்கள் என்று டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பேனா மூடி முதல் முறையிலேயே பொருந்தியது. ஆச்சரியமாக இருந்தது.

துரை என்னைக் கூப்பிட்டு எழுத்தில் விளக்கம் கேட்டார். என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. அதை நானே கோப்பிலிட்டு, நானே எண் போட்டேன். அதுவும் கிளாக்கர் வேலைதானே.

6. பதில்

கொழும்பிலிருந்து மரியாதையான பதில் வந்தது. மாதத்தை மாற்ற முடியாது, போட்டி வேறு ஊருக்குப் போகிறது, நேர்மைக்கு நன்றி. எங்கள் பிள்ளைகள் தெரிவு ஆட்டத்துக்குப் போனார்கள். ஒரு கோலில் தோற்றார்கள்.

மறுநாள் கோமதி டீச்சர் ஆபீசுக்கு வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கோப்பு அலமாரிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"ஒளியாதீங்கய்யா. காலு தெரியுது."

வெளியே வந்தேன்.

"தோத்ததுக்கு நீங்க காரணமில்ல. நல்லாத்தான் ஆடுனாங்க, தோத்துட்டாங்க. ஆனா நாலு பிள்ளைங்களுக்கு இதோட வயசு தாண்டுது. அவங்க இனி இந்தப் போட்டியில ஆட முடியாது. நீங்க செஞ்சது சரிதான். இதையும் நீங்க தெரிஞ்சிருக்கணும், அதுக்குத்தான் வந்தேன்."

தேநீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சரியான வேலையைச் செய்தால் மனம் லேசாகிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். எனக்கு ஆகவில்லை.

குளிர் ஊர் போட்டி கேட்கலாமா என்று என்னைக் கேட்டால், தாராளமாகக் கேட்கலாம் என்பேன். குளிரைக் குளிர் என்று எழுதிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பெப்ரவரி என்று போட்டு நாங்கள் இந்த வருடமும் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. தபால்காரரைக் கண்டால் நானே வாசலுக்குப் போய்விடுகிறேன்.

ஆபீசுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. பூஜ்யம் என்பது ஓர் அளவு. போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கண்டவன்தான் அதைப் போடலாம். போகவில்லை என்றால் கட்டத்தில் ஒரு கோடு இழுங்கள். துரை ஏசினால் ஏசட்டும். அந்தக் கோட்டை நம்பி யாரும் பஸ் ஏறி வரமாட்டார்கள்.

அந்த நான்கு பேரில் ஒருத்தி இப்போது பஜாரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். என்னைக் கண்டால் விடமாட்டாள். "கிளாக்கரய்யா, நாளைக்கு மழ வருமா?" என்று கடையிலிருந்தே கத்துவாள். பஜாரே திரும்பிப் பார்க்கும்.

"தெரியாது தாயி" என்பேன். அந்த ஒரு சொல்லைக் கூசாமல் சொல்ல எனக்கு இருபது வருடம் பிடித்தது.