மார்கரெட் தாண்டிப்போன படம்

இன்று டண்டினொங் ரயிலில் மகள் தன் போனை என்னிடம் நீட்டினாள். ஆபிரிக்காவில் ஆடம்பர சஃபாரி போனால் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒரு பக்கம்.

"அம்மா, நெருப்பைச் சுத்தி இருந்து கையாலேயே சாப்பிடலாமாம். சோளமாக் களியும் கீரையும். அதுதான் ஸ்பெஷல்!"

எனக்கு எழுபதுகளில் அப்பா அம்மாவோடு நான் வளர்ந்த கிளேட்டன் ஞாபகம் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மார்கரெட் சஃபாரி போய்வந்து, எங்களைக் கூப்பிட்டுச் சுவரில் ஸ்லைடு காட்டினார். சிங்கத்தைவிடச் சாப்பாட்டுப் படங்கள்தான் அதிகம். கூடாரத்துக்குள் வெள்ளை மேசைவிரிப்பு, ஆட்டிறைச்சி ரோஸ்ட், கஸ்டர்ட் ஊற்றிய புடிங்.

"இதைத் தின்னவோ உவ அவ்வளவு தூரம் போனவ?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டார்.

அடுத்த படத்தில் சமையல்காரர்கள் நெருப்படியில் குந்தியிருந்து, களியைக் கையால் உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இது வேலையாட்கள்தான்" என்று மார்கரெட் அவசரமாகத் தாண்டினார்.

மார்கரெட் வீட்டில் முள்ளுக்கரண்டி இல்லாமல் ஒரு வாய் சாப்பிடாத அப்பா, கதிரையில் நிமிர்ந்தார். அந்தப் படத்தை இன்னொருமுறை போடமுடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மார்கரெட் திரும்பப் போட, நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா டையைக் கழற்றினார். "குசினிக்குள்ளேயே இருந்து சாப்பிடுவம்" என்றார். அம்மா அடுப்படியிலேயே இருந்து புட்டைக் குழைத்து, உருட்டி உருட்டி எங்கள் கையில் வைத்தார்.

மார்கரெட் தாண்டிப்போன படம்தான் இன்று மகளின் போனில் முதல் பக்கம். பார்க்க அப்பா இல்லை. இருந்திருந்தால், "களிக்கு என்ன கறியாம்?" என்றுதான் கேட்டிருப்பார்.

நீங்களே சொல்லுங்கள், என்ன கறி வைக்கலாம்?