மாமா எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு என் கை பிடித்ததெல்லாம் பால் வெட்டும் கத்திதான். எங்கே பெரிய ற போடுவது, எங்கே சின்ன ர போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு இருமலில் ரத்தம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சிகரெட்டை விடச் சொல்லிவிட்டார். அவன் என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க ஒரு காலத்துல பேய் மாதிரி ஊதுவீங்களாமே. எப்படிண்ணே விட்டீங்க? லேசா ஒரு வழி இருந்தா சொல்லுங்கலா" என்றான்.

"சும்மா விட்டுட்டேன் தம்பி."

"சும்மாவா? நல்ல ஆளுலா நீங்க. சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?"

சும்மா விடவில்லை. லேசான வழி ஒன்று இருந்தது. அதை நானே கண்டுபிடித்தேன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிற எனக்கு அதை வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் ஆட்சியில் ரப்பர் பால் வெட்டும் வேலை நின்றுபோனது. சுங்கைப் பட்டாணியிலிருந்து உள்ளே தள்ளி இருந்த எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து மரவள்ளி நட்டோம். அரிசியைப் பங்கு போட்டுத் தருவார்கள். வேலை செய்கிற ஆளுக்கு முழுப் பங்கு, வயதானவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் பாதிப் பங்கு. முழுப் பங்கே ஒரு ஆள் வயிற்றுக்குக் காணாது. மிச்சத்துக்குக் கிழங்குதான்.

கடைச் சிகரெட் கண்ணில் படாமல் போயிற்று. பட்டணத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் புகையிலை கொண்டுவருவார். டயர் கிடைக்காத காலம் என்பதால் சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டியிருப்பார். அந்தச் சைக்கிளின் தடதடப்பு எங்கள் லயத்து வீட்டு வரிசையின் அந்தக் கோடிக்கு வரும்போதே என் நாக்கு ஊறும். அவர் ஜப்பான் நோட்டை வாங்கமாட்டார். அரிசிதான் கேட்பார். ஒரு பால் டின் அரிசிக்கு ஒரு பிடி புகையிலை.

அந்தக் காலத்தில் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. தாய்க்குப் பால் இல்லை. "கெழங்கத் தின்னா பாலு எங்கேருந்து வரும்? அவளுக்குச் சோறு போடு" என்றார் அப்போதிருந்த டிரெசர். நான் என் பங்கு அரிசியில் புகையிலை வாங்கிக்கொண்டிருந்தேன். என் பங்கு, என் புகை, அவள் பங்கில் நான் கை வைக்கவில்லை என்று எனக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன். பிள்ளை நாற்பது நாள்தான் இருந்தது. புதைத்துவிட்டு வந்து, வீட்டு முன்னால் அஞ்சடித் திண்ணையில் உட்கார்ந்து, ஓலையில் புகையிலையைச் சுருட்டிப் பற்ற வைத்தேன். அதை என் மனைவி பார்த்தாள்.

அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தபோது என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"இந்தப் புள்ளையாச்சும் தங்கணும். ஒங்க பங்கு அரிசி இந்த வீட்டு ஒலையில விழணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாங்க."

விட்டுவிடுகிறேன் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

முதலில் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். அடுத்தது எப்போது என்பதே நாள் முழுக்க நினைப்பாகிவிட்டது. பிறகு மாரியம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தேன். மூன்று நாள் தாங்கியது. நான்காம் நாள் ரப்பர் காய வைக்கும் புகைக் கொட்டகைக்குப் பின்னால் போய், ஆத்தாளுக்குத் தெரியாது என்பது போலத் திரும்பி நின்று புகைத்தேன். பப்பாளி இலையைக் காய வைத்துச் சுருட்டினேன். தலை சுற்றி வாந்தி வந்ததுதான் மிச்சம். கடைசியில் புகையிலை டின்னை மனைவியிடம் கொடுத்து, எவ்வளவு கேட்டாலும் கொடுக்காதே என்றேன். மறுநாள் காலையில் நானே வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினேன். அவள் குறுக்கே வந்து நின்றாள். நான் அடிக்கவில்லை. தள்ளினேன். அவள் ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டாள். டின் கிடைத்துவிட்டது.

அந்த வாரம் உப்பு வாங்க என் மாமனாரோடு பட்டணத்துக்கு நடந்தேன். அவர் மனைவியை இழந்தவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் சின்னத் தோட்டத்தில் மாடுகளைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார். அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி கிடையாது, பெயர்ப் பட்டியல் கிடையாது. அரிசியும் கிடையாது. கிழங்கும் மாட்டுப் பாலும்தான் அவருக்குச் சாப்பாடு.

விடியற்காலம் புறப்பட்டோம், விளக்கு வைக்கும் நேரம் திரும்பினோம். வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான், நாள் முழுக்க நான் ஒன்றுகூடப் புகைக்கவில்லை என்பது தெரிந்தது. மாமா முன்னால் புகைக்க முடியாது. எங்கள் ஆட்களில் யாருமே மாமனார் முன்னால் பற்ற வைக்கமாட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அன்றைக்கு எனக்குக் கஷ்டமாகவே இல்லை. புகைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்க இடம் இருக்கும்போதுதான் மனசு பிய்க்கிறது. முடியவே முடியாது என்று தெரிந்தால் அது நாய்க்குட்டி போலச் சுருண்டு படுத்துவிடுகிறது. லேசான வழி இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மறுவாரம் ஆற்றைத் தாண்டிப் போய் அவரைக் கூப்பிட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை.

"அவளுக்கு மாசம் ஆகுது மாமா. நீங்க ஏன் தனியாக் கெடக்கணும்? வீட்டுக்கே வந்துடுங்க."

"மக வீட்டுல ஒக்காந்து தின்னா நாலு பேரு சிரிக்கமாட்டானா மாப்ளே?"

"வேலை செஞ்சு தின்னுங்க மாமா. நான் கிராணிகிட்ட சொல்றேன்."

"ஓகோ, மாட்டுக்குப் பதிலா என்னைய ஓட்டிக்கிட்டுப் போக வந்தீங்களா!" என்று சிரித்தார். ஆனால் வந்துவிட்டார்.

கிராணி நோட்டைத் திறந்து வயது கேட்டார். மாமாவுக்கு ஐம்பத்தாறு. ஐம்பத்தாறு என்றால் வயசாளி, பாதிப் பங்குதான். அவர் வயிற்றுக்கும் மனைவியின் பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டி வரும். மாமாவுக்கு அப்போதும் தலை அவ்வளவாக நரைக்கவில்லை. "நாப்பத்தஞ்சுங்கய்யா" என்றேன். கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாமா, "பதினோரு வயச எங்க மாப்ளே ஒளிச்சு வெச்சீங்க? குடுங்க, எனக்கு வேண்டியிருக்கு" என்றார்.

அதன் பிறகு நான் அவரைவிட்டு நகரவில்லை. அவர் கொத்துகிற வரிசைக்குப் பக்கத்து வரிசையில் மரவள்ளி கொத்தினேன். அவர் குளிக்கப் போனால் நானும் போனேன். முதல் பத்து நாள் கை நடுங்கியது, சாப்பாட்டில் ருசி தெரியவில்லை, காரணமில்லாமல் கண் கலங்கியது. ஆனாலும் முன்பு பட்ட பாட்டில் கால்வாசிகூட இல்லை. சைக்கிள் வந்தால் மாமா அஞ்சடியில் இருப்பார். நான் வெளியே போகமாட்டேன்.

பெரியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இளையவன் புகைத்துக்கொண்டிருக்கலாம் என்று தெரிந்தால், தூரத்திலேயே ஒருமுறை இருமிவிட்டு வருவார்கள். கீழே போட்டு மிதிக்க அவனுக்கு நேரம் கொடுப்பது போல. மாமா வந்த நாளிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அப்படி இருமிவிட்டுத்தான் வந்தார். இரண்டு மாதம் போயிருக்கும், ஒரு மத்தியானம் அவர் இருமாமலே உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் எழுந்து போய் மொண்டு வந்து கொடுத்தேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அதைப் போலப் பாராட்டியதில்லை.

என் பங்கு அரிசி முழுதாக உலையில் விழுந்தது. மனைவியின் முகத்தில் பட்டினியால் வந்திருந்த வீக்கம் வற்றியது. வயிற்றில் பிள்ளை உதைப்பதாகச் சொல்லிச் சிரித்தாள்.

அவளுக்கு எட்டாம் மாதம் நடந்தபோது ஒருநாள் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். கிராணிக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பான்காரன் நின்றான். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று கிராணி சொன்னார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து முன்பே போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

"தனி ஆளுங்க எல்லாரும் போகணும். முழு அரிசி வாங்குற ஆம்பள ரெண்டு பேரு இருக்கற வீட்டுல ஒருத்தர் போகணும்."

நோட்டைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர் எங்கள் முன்னால் நின்றார்.

"ஒங்க வீட்டுல ரெண்டு. யாரு?"

ஐயா, இவருக்கு ஐம்பத்தாறு வயது, நான்தான் பொய் சொன்னேன். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் மாமா பட்டியலிலிருந்து விழுந்திருப்பார். ஆள் எண்ணிக்கை குறைய விடமாட்டார்கள், அவருக்குப் பதிலாக நான் போக வேண்டும். பொய் சொல்லி அரிசி வாங்கியதற்கு அந்த ஜப்பான்காரன் என்ன செய்வானோ அதையும் வாங்க வேண்டும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைக்காகத்தான் பேசவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. பயந்துபோனதுதான் மீதி.

"நான் வரேன்யா. நாப்பத்தஞ்சு வயசுதானே, ஒடம்பு தாங்கும்" என்றார் மாமா. அவர் குரலில் கிண்டல் இல்லை.

மறுநாள் காலையில் லாரி வந்தது. ஒரு சட்டை, ஒரு போர்வை, ஒரு தகரக் குவளை, இவ்வளவுதான் எடுத்துக்கொண்டார். அழுத மகளிடம், "மூணு மாசந்தானம்மா, பேரனத் தூக்க வந்துருவேன்" என்றார். என் தோளைத் தொட்டு, "மாப்ளே, அவளப் பட்டினி போட்டுறாதீங்க" என்றார். எதற்காக அவரைக் கூட்டிவந்தேன் என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் சைக்கிள்காரர் வந்தார். "பெருசு போயிருச்சாமே. இந்தா, அரிசி வேணாம், சும்மா வெச்சுக்க" என்று ஒரு பிடி புகையிலையை என் கையில் திணித்தார். இனிமேல் இந்த வீட்டில் யாருக்காகவும் மறைக்க வேண்டியதில்லை. அஞ்சடியில் உட்கார்ந்து சுருட்டினேன். பற்ற வைத்து இரண்டு முறை இழுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை, மிகவும் நன்றாக இருந்தது.

மனைவி உள்ளேயிருந்து வந்து பார்த்தாள்.

"எங்கப்பா ஏறுன லாரி இன்னும் சுங்கைப் பட்டாணியக்கூடத் தாண்டியிருக்காதுங்க" என்றாள்.

அதைத் தரையில் தேய்த்து அணைத்தேன். அதோடு சரி. பிறகு ஆசை வராமல் இல்லை. சில வருடம் தினமும் வந்தது. ஆனால் யோசிக்க இடம் இல்லாமல் போய்விட்டது.

பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குப் பால் இருந்தது. குழந்தை தங்கியது. யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்து, அதே லாரியில் போன ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். மாமாவுக்கு வயிற்றுப்போக்கு கண்டு நாலு நாளில் முடிந்துவிட்டது என்றார். எங்கே புதைத்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"எங்கப்பா காலடி வெச்ச நேரம், இவரு பொகைய விட்டாரு" என்று என் மனைவி இன்றைக்கும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். அவரை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனதாகத்தான் அவளுக்குத் தெரியும். நாற்பத்தைந்து என்று எழுத வைத்தது யார் என்று தெரியாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என் மகள் நன்றாகப் படிப்பாள். தம்பிக்கென்று எழுதத் தொடங்கிய இந்த நோட்டை முதலில் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். தாத்தாவின் வயது அவளுக்குத் தெரிய வேண்டும். அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். காட்டினாலும் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

1960ஆம் வருடம், கார்த்திகை மாதம் பதினான்காம் தேதி.