மிச்சம் இரண்டு துண்டு

ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் ஓர் இயந்திரம் சும்மா நின்றிருந்த பிற்பகல் இன்றும் கண்ணில் இருக்கிறது. பக்கத்துக் கணினியோ "இன்று இடமில்லை" என்றது. மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து கணவரை அழைத்து வந்திருந்த அம்மா, "மிஷினு காலியாத்தானே இருக்குதுங்க?" என்று கேட்டார். கணவரைத் தாங்கியபடி பஸ் நிலையத்துக்குத் திரும்பினார். அந்தக் கணினியில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருளை எழுதிய நானும் அக்காவும் வேறு வேலையாக அங்கே போயிருந்தோம். அக்கா உறவல்ல, தருமபுரி அலுவலகத்தில் எனக்கு மூத்தவர், காரிமங்கலத்துக்காரர். நான் திகைத்து நிற்க, அவர் பஸ் நிலையத்துக்கே ஓடி, இருவரையும் ஆட்டோவில் கூட்டிவந்து சிகிச்சை தொடங்க வைத்தார்.

பிழை எங்களுடையது. காலை முதல் மாலை வரையிலான நேரத்திலிருந்து, நடுவே இயந்திரத்தைச் சுத்தம் செய்யும் நேரத்தைக் கழித்தால் இரண்டு துண்டு மிஞ்சும். எங்கள் நிரல் முதல் துண்டை வைத்துக்கொண்டு, பிற்பகலான அடுத்ததை விட்டுவிட்டது. நாங்கள் எழுதிய நிரல்மொழியில் "இதிலிருந்து இதுவரை" என்று ஓர் எல்லையைக் குறிக்கலாம். கூட்டவோ கழிக்கவோ வழியில்லை.

"நம்முளுத மட்டும் ஒட்டுப்போட்டா பத்தாது தம்பி. இதே தப்ப இன்னொரு ஊர்ல இன்னொருத்தர் பண்ணுவாங்க. மொழியிலயே சேத்துரலாம்" என்றார் அக்கா.

யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய மொழி அது. கரண்ட் போனால் எல்லை முழுவதையும் ஒரு மணி நேரம் தள்ளிவைக்கக் கூட்டல். இரண்டு எல்லைகளைச் சேர்ப்பது, பொதுவான பகுதியை எடுப்பது, ஒன்றிலிருந்து மற்றதை நீக்குவது என்று அக்கா எழுதி அனுப்பினார். மொழியைப் பராமரிப்பவர்கள் நிராகரித்துவிட்டார்கள். கழித்தால் சில நேரம் ஓர் எல்லை, சில நேரம் இரண்டு வருகிறது. விடை ஒரே வகையில் இல்லாததை ஏற்க முடியாது என்றார்கள். எனக்குக் கோபம். அக்கா மட்டும் அந்தப் பதிலைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "அவங்க சொல்றது நெசந்தான்" என்றார்.

பிறகு மாற்றி எழுதினார். சேர்த்தாலும் நீக்கினாலும் விடை எப்போதும் எல்லைகளின் தொகுப்பாகவே வரும். ஒன்றும் மிஞ்சாவிட்டால் காலித் தொகுப்பு. நீண்ட வாதத்துக்குப் பின் ஏற்றுக்கொண்டார்கள். அன்று அக்கா சத்தமாகச் சிரித்ததில் கீழ்த்தளத்து ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே வந்து பார்த்தார்.

இப்போது நான் வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, அதே மொழியில் ஓர் எல்லையிலிருந்து இன்னொன்றை ஒரே வரியில் கழித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். இது முன்பு கிடையாது என்றேன். "அதெப்படிங்க சார், இதுகூட இல்லாமயா இருந்துது?" என்று வியந்தாள். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்படிக் கேட்டுச்சா?" என்றார். குரலில் அத்தனை மகிழ்ச்சி. "அப்ப சரியாத்தான் சேத்திருக்கோம் தம்பி."