கடல் கொண்டுபோகாத உறுதி

காணி உறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் உறுதி கூறினேன். அதற்காகத்தான் என்மீது பொய்ச்சத்திய வழக்கு வந்தது. சிரிப்பதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை.

நான் இருக்கும் கல்முனை வீடு என் மனைவியின் சீதன வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டில்தான் குடியிருப்பான். அந்த வீட்டின் உறுதியைப் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை வாய் திறந்தால் போதும், வீடு வளவுக்கு ஆசைப்பட்டு வந்தவன் என்று ஊர் அவனை நாறடித்துவிடும். அதனால் நான் கேட்டதே இல்லை. அலுமாரிக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடல் ஊருக்குள் வந்த அன்று நான் அலை எட்டாத சவளக்கடையில் வயலில் நின்றேன். அலுமாரியும் போனது, அவளும் போனாள். பிள்ளைகள் இல்லை. உடைந்ததைத் திருத்திக்கொண்டு நான் மட்டும் இருந்தேன்.

பல வருடம் கழித்து, பக்கத்து வளவுக்காரன் வேலியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டான் என்று வழக்குப் போட்டேன். சட்டத்தரணியின் தட்டச்சுக்காரர் சத்தியக் கடதாசியில், மூல உறுதி சுனாமியில் தொலைந்துவிட்டது என்று அடித்துத் தந்தார். இந்தக் கரையில் பாதிப் பேரின் கடதாசியில் அதே வசனம்தான். உண்மை என்று நம்பியே கையெழுத்துப் போட்டேன்.

விசாரணையில் எதிர்த்தரப்பார் எப்படியோ மோப்பம் பிடித்து, நீதிமன்றக் கட்டளையோடு மூல உறுதியையே வாங்கி வந்து நீட்டினார்கள். என் மனைவியின் அக்காவிடம், அவள் ராத்தா என்று கூப்பிடும் என் மச்சியிடம், அது இத்தனை காலமும் இருந்திருக்கிறது. சவளக்கடையில் வயலுக்குப் போகும்போதெல்லாம் அவர் வீட்டில்தான் சோறு தின்பேன். மனுஷி ஒரு வார்த்தை மூச்சு விட்டதில்லை. உறுதியில் எல்லை பக்கத்து வளவுக்காரன் சொன்னபடியே இருந்தது. வெல்வதற்காக நான் பொய்ச்சத்தியம் செய்தேன் என்று ஆகிவிட்டது.

முன்பெல்லாம் நிக்காஹ் வீடுகளில் சாட்சிக் கையெழுத்துக்கு என்னைத் தேடி வருவார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. பள்ளிவாசலில் ஸலாம் சொன்னால் பதில் சொல்வார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமலே படுத்திருக்கிறேன். அந்த நாட்களில் கடலைவிட இந்த ஊர்மீதுதான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

சட்டத்தரணி வழி சொன்னார். "ஒங்கட மனிசி ஒங்களுக்குத் தெரியாமத்தான் உறுதியக் குடுத்தவ எண்டு ஒங்கட மச்சி வந்து சொன்னாப் போதும். நீங்க தப்பிருவீங்க."

எனக்கு அது கசந்தது. கட்டினவள் நம்பாத மனுஷன் என்று ஊருக்கு முன்னால் நிரூபித்தா நான் தப்ப வேண்டும்? மறியலுக்கே போய்க் கம்பி எண்ணலாம் என்றுகூட நினைத்தேன். ஆனாலும் மச்சி சாட்சி சொல்ல வந்தார். ஏன் மறைத்துத் தந்தாள் என்று நீதவான் கேட்டார். மச்சி என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இவர் அந்த நேரம் சவூதிக்குப் போறதுக்கு நிண்டவர், ஐயா. ஊட்டை ஈடு வெச்சிட்டுப் போயிருவார், நான் தனியக் கிடக்கணும், இதை ஒளிச்சு வெய்ங்க ராத்தா எண்டு தந்தவ. அவருக்கிட்ட சொல்லிராதங்க எண்டும் சொன்னா. மவுத்தாப் போனவவுக்குக் குடுத்த வாக்கை நான் எப்பிடி மீறுற?"

உண்மைதான். அந்த நாட்களில் நான் சவூதி, சவூதி என்று அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஈடு வைத்துப் போகலாம் என்றும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

என்னை விடுவித்தார்கள். உறுதியும் என் கைக்கு வந்தது. அதில் அவளுடைய கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதியது. வெளியே முற்றத்தில் வைத்து அதை மச்சியிடம் நீட்டினேன்.

"நீங்களே வெச்சிக்கங்க மச்சி."

"இனி என்னத்துக்கு மச்சான்? ஒங்கடதானே."

"அவ தந்த கையிலயே இரிக்கட்டும்."

மச்சி அழுதுகொண்டே வாங்கி முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டார். சோறு தின்ன வரச் சொன்னார், நான் போகவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, "நான் எங்கயும் போகல்ல புள்ள" என்று சத்தமாகச் சொன்னேன்.