தனி மேசை போடாத கல்யாணம்

இப்போதும் கல்யாண வீடுகளில் யாராவது என் கையைப் பிடித்து, "நீங்க முன்னால வாங்க, உங்களுக்குத் தனியா எடம் வச்சிருக்கு" என்று இழுத்தால் எனக்குக் கோபம்தான் வரும். மரியாதைக்காகச் செய்கிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் போகமாட்டேன். கண்ணில் படுகிற முதல் காலி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. "போற எடத்துல எல்லாம் ஒரு சண்டையா?" என்பாள். ஆமாம், போகிற இடத்தில் எல்லாம்தான்.

நான் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். அப்பா பால்வெட்டுக்காரர், இறப்பர் மரங்களைக் கீறிப் பால் எடுப்பவர். அம்மாவும் அதே மலையில்தான் பால் வெட்டினார். நான் ஓ.எல். பரீட்சை எழுதி முடித்த கையோடு கொழும்புக்குப் போய், ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவி, பிறகு பரிமாறப் பழகி, தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் உல்லாசப் பயணக் கப்பலில் வெயிட்டராகச் சேர்ந்தேன். அதற்குமுன் கடலைக் காலிமுகத்திடலில் நின்று பார்த்ததோடு சரி.

அந்தக் கப்பலில் இராச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. பயணிகள் ஏறும்போதே ஆளுக்கோர் அட்டை கொடுப்பார்கள். அதில் மேசை எண் அடித்திருக்கும். பயணம் முடியும்வரை ஒவ்வோர் இரவும் அதே மேசை, அதே நாற்காலி, எதிரில் அதே முகங்கள், பரிமாற அதே வெயிட்டர். முதலில் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. யாருக்கு மீன் ஆகாது, யார் சூப்பில் மிளகைக் கொட்டிக்கொள்வார் என்பதெல்லாம் சீக்கிரமே மனப்பாடமாகிவிடும். அவர்களும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்கள் தோட்டத்து ஆபிஸில் நான் பால்வெட்டுக்காரனின் மகன் மட்டுமே. பெயர் ஒன்று இருப்பதாக அங்கே யாருக்கும் தெரியாது.

என் மேசைகளில் ஒன்று சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் கதவை ஒட்டியிருந்த நாற்காலியை ஒரு வயதான அம்மாவுக்குக் கொடுத்திருந்தார்கள். இங்கிலாந்தில் பஸ் கண்டக்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு தனியாகப் பயணம் வந்திருந்தார். அந்த மேசையில் மற்றவர்கள் மூன்று தம்பதிகள், ஒருவருக்கொருவர் பழைய சிநேகிதர்கள். நடுவில் ஒரு தூண் நிற்பதுபோல, அந்த அம்மாவைத் தாண்டித் தாண்டிப் பேசிக்கொள்வார்கள். அவர் தலையைக் குனிந்து சாப்பிடுவார். முடிந்ததும் எனக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போவார்.

ஒருநாள் அவர் சாப்பாட்டுக்கூடத்து மேலாளரிடம் வேறு மேசை கேட்டார். மேலாளர் மேசைகளின் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, "எல்லா மேசையும் நிரம்பிவிட்டது மேடம்" என்றார். அது பொய். சன்னலோரத்தில் நான்கு சகோதரிகளின் மேசை ஒன்று இருந்தது. கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிக்கிறவர்கள். அந்த மேசையில் ஐந்தாவது நாற்காலி காலியாகவே கிடந்தது. பகலில் மேல்தளத்தில் இந்த அம்மா அவர்களோடு சீட்டு விளையாடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

மறுநாள் இரவு அவர் உள்ளே வந்தார். தன் மேசையைக் கடந்து நேராகப் போய், சகோதரிகளின் மேசையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்கான சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மேலாளர் என் காதருகே வந்து, "போய் அவரை அவர் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

போனேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என் வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் மற்றவர்களுக்கு இடம் காட்டியவள் நான்" என்றார். "எனக்கு ஓர் இடம் பார்த்துக்கொள்ளத் தெரியாதா?"

எனக்கு அந்த நேரத்தில் அப்பாவின் ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்தில் எந்த லயத்தில் கல்யாணம் நடந்தாலும் ஆபிஸ்காரர்களுக்குத் தனி மேசை போடுவார்கள். வெள்ளை விரிப்பு, பீங்கான் தட்டு, கண்ணாடிக் கிளாஸ். அவர்கள் முதலில் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தரையில் மற்றவர்களுக்கு இலை விழும். பெண்ணைப் பெற்றவர் அந்த மேசைக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நிற்கவேண்டும். அப்பா நல்ல உயரம், கை நடுங்காமல் ஊற்றுவார் என்பதால் மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்திலும் அவரைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். சின்ன வயதில் எனக்கு அது பெருமையாக இருந்தது. வளர வளர, அந்த மேசைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

சூப்பை அந்த அம்மாவின் முன்னால், அவர் உட்கார்ந்த இடத்திலேயே வைத்தேன். சகோதரிகள் கை தட்டினார்கள். மேலாளர் தட்டவில்லை. அடுத்த நாளிலிருந்து என்னைக் கீழ்த்தளத்துக்கு, கப்பல் ஊழியர்கள் சாப்பிடுகிற மெஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பயணம் முழுக்க எண்ணெய்க் கறை படிந்த மேசைகளைத் துடைத்தேன். மன்னிப்புக் கேட்டால் மேலே வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் கேட்கவில்லை.

அடுத்த ஒப்பந்தத்தில் வேறு கப்பல். அங்கே சட்டமே வேறு. அட்டையும் கிடையாது, எண்ணும் கிடையாது. பசித்த நேரத்துக்கு வரலாம், பிடித்த இடத்தில் உட்காரலாம். என்னோடு வேலை செய்த பழைய ஆட்கள் புலம்பினார்கள். யார் எப்போது வருவார் என்று தெரியாது, முகம் பழகுமுன் ஆள் மாறிவிடும். அதெல்லாம் உண்மைதான். இன்னொன்றும் உண்மை. எல்லாவற்றையும் திறந்துவிட்டால் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடுவதில்லை. ஒரு மனிதர் தினமும் வாசலில் நின்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்ப்பார். யாரும் கூப்பிடாவிட்டால் அறைக்குத் திரும்பிவிடுவார். அவரை நான்தான் கூட்டிப்போய், கலகலப்பான மேசையாகப் பார்த்து, "இவர் உங்களோடு உட்காரலாமா?" என்று கேட்பேன். பெரும்பாலும் சரி என்பார்கள். ஓர் இரவு ஒரு மேசையில் மறுத்தார்கள். அந்த மேசையில் இருந்த பெண் ஒருத்தி வெட்கப்பட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அவரோடு வேறு மேசைக்கு வந்துவிட்டாள். அட்டை இருந்திருந்தால் அவளால் அப்படி எழுந்து வந்திருக்க முடியாது. அன்றைக்கே என் கட்சி எது என்று முடிவாகிவிட்டது.

இந்தப் புத்தியோடுதான் தங்கச்சியின் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். அது அரசும் புலிகளும் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். கொழும்பிலிருந்து வருகிற வழியில் பஸ்ஸை நிறுத்தி, தமிழர்களான எங்களை மட்டும் இறக்கிச் சோதித்துப் பார்ப்பது குறைந்திருந்தது. தங்கச்சி அவிசாவளையில் கார்மென்ட் ஒன்றில் வேலை செய்தாள். மாப்பிள்ளையும் அங்கேதான்.

வந்த அன்றைக்கே அப்பா பேச்சை எடுத்தார்.

"மேச விரிப்பு ஒண்ணு வாங்கணும்டா. பீங்கான் தட்டுக்கு ஸ்டோர் வாட்ச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

"எதுக்குப்பா தனி மேச?"

"எதுக்கா? கிளாக்கர் ஐயா வருவாரு, ஆபிஸ்ல மத்தவங்க வருவாங்க. அவங்க நம்மளோட தரையில உக்காருவாங்களா?"

"தரையில வேணாம். எல்லாரும் மேசையிலயே சாப்பிடட்டும். எல்லாருக்கும் ஒரே மேச."

அப்பா சிரிக்கவில்லை. "நீ லீவு முடிஞ்சா கப்பலேறிப் போயிருவ. நாந்தான் காலையில பெரட்டுக்குப் போயி அந்தாளு முன்னால நிக்கணும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிடுவது கங்காணிதான், ஆனால் கங்காணிக்குச் சொல்லிவிடுவது கிளாக்கர். அம்மாதான் அடுப்படியிலிருந்து கேட்டார்:

"ஊர்ல உள்ளவங்க கல்யாணத்துல எல்லாம் செம்போட நின்னீங்க. பெத்த மக கல்யாணத்துலயும் நிக்கப்போறீங்களா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் தங்கச்சி வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கல்யாணம் அவளுடையது, அவள் வேண்டாம் என்றால் நான் விட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். அவள் கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா செம்போட நிக்கிறதப் பாத்தேன்னா நான் மணவறையில இருந்து எந்திரிச்சிருவேன். அப்பாகிட்ட அப்படியே சொல்லிரு."

சொன்னேன். அப்பா அதற்குப் பிறகு விரிப்பைப் பற்றிப் பேசவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

கல்யாணச் சாப்பாடு தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில். நானும் மாப்பிள்ளையின் சிநேகிதர்களும் பிள்ளைகளின் மேசைகளை இழுத்து வரிசையாகச் சேர்த்தோம். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒரே நீள மேசை. மேலே வெள்ளைக் கடதாசி, அதன்மேல் வாழையிலை. இரண்டு பக்கமும் பெஞ்சு. தாலி கட்டி முடிந்து ஆட்கள் வந்தபோது நான் யாரையும் எங்கேயும் உட்கார்த்தவில்லை. பழக்கமில்லாததால் முதலில் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். கீழே கிராமத்திலிருந்து வந்திருந்த சிங்களக் கடை முதலாளிதான் முதலில் உட்கார்ந்தார். பக்கத்துப் பெஞ்சைத் தட்டி எங்கள் கங்காணியைக் கூப்பிட்டார். பிறகு மடமடவென்று இடம் நிறைந்தது. பால்வெட்டுகிற பெண்கள் மாப்பிள்ளை வீட்டாருக்கு எதிரே உட்கார்ந்து, கூச்சத்தில் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் கிளாக்கர் தன் மனைவியோடும் ஆபிஸ் ஆட்கள் இரண்டு பேரோடும் வந்தார். வாசலில் நின்று மண்டபத்தைப் பார்த்தார்.

"எங்களுக்கு எங்க போட்டிருக்கு?"

அப்பா அவரை நோக்கி நடந்தார். நான் முந்திக்கொண்டேன். "வாங்கய்யா. தனியா போடலங்க. எல்லாம் ஒரே மேசதான். புடிச்ச எடத்துல உக்காருங்க."

கிளாக்கர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்தார். "என்னப்பா இது? மகன் கப்பலேறுனதும் பழக்கவழக்கமெல்லாம் மறந்து போச்சா?"

அப்பா மன்னிப்புக் கேட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

"மகளோட விருப்பம் ஐயா" என்றார். "நல்லா இருக்குன்னுதான் எனக்கும் படுது."

"அப்ப சந்தோஷமா சாப்பிடுங்க" என்று கிளாக்கர் திரும்பினார். ஆபிஸ் ஆட்கள் இரண்டு பேரும் பின்னால் போனார்கள். கிளாக்கரின் மனைவி வாசற்படிவரை போனவர், நின்றார்.

"எனக்குப் பசிக்குது. நீங்க போங்க, நான் சாப்பிட்டுட்டு வாறேன்."

அவர் வந்து பால்வெட்டுகிற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். சேலையை ஒதுக்கி அவருக்கு இடம் விட்டார்கள். பிறகு அவரே பக்கத்தில் இருந்தவளிடம், கைப்பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டார். பாயசம் இரண்டாந்தரம் வாங்கிக் குடித்தார். அன்றைக்கு வீட்டில் அவருக்கு என்ன நடந்ததோ, எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை.

அப்பா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். கை சும்மா இருப்பது அவருக்குப் பழக்கமில்லை. கடை முதலாளி அதைக் கவனித்துவிட்டு, "கமக் நே, கமக் நே, வாடிவென்ன" என்று, பரவாயில்லை உட்காருங்கள் என்பதைச் சிங்களத்தில் சொல்லி, அவரைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தார். பெஞ்சின் நுனியில், எந்த நேரமும் எழுந்துகொள்ளப் போகிறவர்போல அப்பா உட்கார்ந்தார். நான் அவர் இலையில் சோறு வைத்தேன். எத்தனையோ பேருக்குப் பரிமாறியிருக்கிறேன். அப்பாவுக்குப் பரிமாறியது அன்றைக்குத்தான்.

அப்பா பயந்தது நடந்தது. அடுத்த வாரமே பெரட்டில் அவரை ஓடைக்கு மேலே இருக்கிற செங்குத்தான மலைக்குப் போட்டார்கள். கிழட்டு மரங்கள், பால் சொட்டுச் சொட்டாகத்தான் வடியும், சம்பளமும் குறையும். காலெல்லாம் இரத்தம் குடிக்கிற அட்டைகள். நான் ஆபிஸுக்குப் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினேன். அப்பா வாசலை மறித்தார்.

"நீ பேசுனது போதும். இது என் வேல."

கப்பலுக்குத் திரும்பும்வரை அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. எனக்கு வலித்தது. ஆனால் செய்ததற்கு ஒருநாளும் நான் வருந்தவில்லை. இப்போது எழுதும்போதும் வருந்தவில்லை. செங்குத்து மலையை அவருக்குக் கொடுத்தது நானல்ல. ஒரு வேளைச் சோற்றை மற்றவர்களோடு உட்கார்ந்து தின்ன முடியாத மனிதர் கொடுத்தது அது.

சில மாதம் கழித்து ஒரு துறைமுகத்திலிருந்து யட்டியாந்தோட்டை கடைவீதியில் இருக்கும் கொமினிகேஷன் என்கிற தொலைபேசிக் கடைக்குப் போன் எடுத்தேன். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அம்மா வந்து காத்திருந்தார்.

"கிளாக்கர் கங்காணிகிட்ட சொல்லி விட்டாரு" என்றார் அம்மா. "ஒங்கப்பா ஆபிஸுக்கு வந்து ஒரு வார்த்த சொன்னா பழைய மலையையே குடுத்துருவாராம்."

"அப்பா போனாரா?"

"எங்க போனாரு! 'மேல காத்து நல்லா வருது, நான் எறங்கி வரல'ன்னு சொல்லி விட்டுட்டாரு."

பக்கத்தில் அப்பா ஏதோ முணுமுணுப்பது கேட்டது. போனை வாங்கினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு, "மூணாம் லயத்துல அடுத்த மாசம் கல்யாணம். தனி மேச போடலயாம். பெஞ்செல்லாம் எப்புடி சேத்தோம்னு என்கிட்ட கேட்டாங்க" என்றார்.

எல்லா வீட்டாரும் அப்படிச் செய்துவிடவில்லை. அதன்பிறகும் சிலர் விரிப்பு வாங்கினார்கள், செம்போடு ஆள் நிறுத்தினார்கள். அப்பா அந்தக் கல்யாணங்களுக்கும் போவார். தாலி கட்டியதும் அட்சதை போட்டு, பிள்ளைகளை வாழ்த்திவிட்டு, பந்தி தொடங்குமுன் வீட்டுக்கு வந்து பழைய சோற்றைப் போட்டுச் சாப்பிடுவாராம். ஏன் சாப்பிடாமல் போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், காரணத்தை உரக்கவே சொல்வாராம்.