தள்ளத் தெரியாத தசை

என் மாமா இருபத்திரண்டு வருடங்களாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார். வார்டிலிருந்து எக்ஸ்ரே, அங்கிருந்து ஆபரேஷன் அறை, மறுபடி வார்டு. அந்த வராந்தாக்களில் அவர் நடந்ததை நேராக நீட்டிப் போட்டால், நான் ஐந்து வருடம் தேசம் தேசமாகச் சுற்றியதெல்லாம் தெருமுனைக் கடைக்குப் போய் வந்த கணக்குதான்.

போன மாதம் மாணவர்களின் வகுப்புக்குச் சக்கர ஸ்டாண்டில் எலும்புக்கூட்டைத் தள்ளிக்கொண்டு போனவர், திருப்பி எடுத்துவர வேண்டுமே என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டரம்மா பாடம் நடத்தினார். தசைக்குச் சுருங்க மட்டும்தான் தெரியும். சுருங்கினால் எலும்பை இழுக்கும், விட்டால் தளரும். தள்ளுகிற தசை மனித உடம்பில் ஒன்றுகூடக் கிடையாது.

எலும்புக்கூடு திரும்பி வரும்போது மாமா அதை இழுத்துக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே நின்றார்.

"கதவு சும்மாதாங்க சாத்தியிருக்கு. தள்ளிட்டு வாங்க" என்றாள் அத்தை உள்ளேயிருந்து.

"நீ வந்து இழு. இல்லாத சதைக்கு நான் எங்க போவேன்?"

"இத்தனை வருஷம் எதை வச்சுத் தள்ளுனீங்களாம்?"

"தெரியாம தள்ளிட்டேன்டி."

மறுநாளிலிருந்து ஸ்ட்ரெச்சரைப் பின்னோக்கி நடந்தபடி இழுத்தார். மூன்றாம் நாள் முதுகால் போய் மோதியது ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் மீது. அவர் கையில் சூடான டீ. வெள்ளிக்கிழமை நேரில் விளக்கம் சொல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று கடிதம் வந்தது. ஓய்வுக்கு இன்னும் மூன்றே வருடம். "நாலு ஊர் பாத்தவ நீ. கூடப் போய்ப் பேசுடி" என்று அத்தை என்னை அனுப்பிவைத்தாள்.

"ஏன்யா, தள்ள மாட்டேங்கிறியாமே?" என்றார் கண்காணிப்பாளர்.

"மாட்டேன்னு சொல்லல சார். முடியாதுன்னு சொல்றேன். டாக்டரம்மாவையே கேளுங்க."

டாக்டரம்மா வந்தார். "அவர் சொல்றது சரிதான் சார்" என்றார் சங்கடமாக.

கண்காணிப்பாளர் நாக்கை நீட்டிக் காட்டினார். "அப்ப இது? தள்ளித்தானே வெளிய வருது?"

"தாடையெலும்புலேருந்து ஒரு தசை முன்னால இழுக்குது சார். உள்ள வச்சுக்கலாம்."

"அப்போ இவன் இத்தனை வருஷம் எப்படித் தள்ளினான்?"

டாக்டரம்மா மாமாவின் கையைப் பிடித்தார். "மேல்கைக்குப் பின்னால ஒரு தசை இருக்கு. அது முழங்கையில எலும்பை இழுக்கும். மடங்கின கை நேராகும். பாக்கிறவங்களுக்குத் தள்ளுற மாதிரி தெரியும்."

மாமா கையை மெல்ல நீட்டி, இன்னொரு கையால் பின்பக்கம் தொட்டுப் பார்த்தார். கல்லு மாதிரி இறுகியிருந்தது. "அட, இழுக்குதும்மா!"

கண்காணிப்பாளர் சொல்லச் சொல்ல எழுத்தர் உத்தரவைத் தட்டச்சு செய்தார்: 'ஊழியர் ஸ்ட்ரெச்சரின் பின்னால் நின்று, மேல்கையின் பின்பக்கத் தசையைச் சுருக்கி, முழங்கை எலும்பை இழுக்க வேண்டும். அதனால் ஸ்ட்ரெச்சர் முன்னால் நகர்ந்தால் நிர்வாகத்துக்கு ஆட்சேபணை இல்லை.'

மாமா இரண்டு தடவை படித்தார். "கெண்டைக்காலையும் சேத்துக்குங்க சார். அது குதிகாலை இழுக்கலேன்னா நான் நடக்கிறது எப்படி?"

கண்காணிப்பாளர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சேர்க்கச் சொன்னார். அவரும் மாமாவும் கையெழுத்துப் போட்டார்கள்.

எக்ஸ்ரேக்குப் பதினோரு பேர் காத்துக்கிடந்தார்கள். மாமா உத்தரவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதல் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் போய் நின்றார்.

"பயப்படாதீங்கம்மா," என்றார் படுத்திருந்த பெண்ணிடம், "இழுக்கப்போறேன்."

ஸ்ட்ரெச்சர் முன்னால் போனது.