மதினிக்கு நான் போட்ட சைபர்

பத்து வயதில் எனக்குப் பொறாமைக்கு மட்டும் குறைவே கிடையாது. எல்லாம் மதினி மேல்தான். மதினி என்றால் அத்தை மகள். நாகலாபுரத்திலிருந்து கல்லூரியில் படிக்க வந்து, கோவில்பட்டியில் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். வந்த அன்றைக்கே அக்கா பக்கத்தில் நான் படுக்கிற இடம் பறிபோனது. அவித்த முட்டையில் பெரியதை அம்மா அவள் தட்டில்தான் வைப்பாள். "பந்து விளையாடுத பிள்ள, தின்னட்டும்" என்பாள். என் அக்காவும் அதே பந்தைத்தான் விளையாடினாள். அது அம்மா கண்ணில் படாது.

ஊரே ஹாக்கி மட்டையோடு அலைந்த காலத்தில் இவர்கள் இருவரும் ஒரே கல்லூரிக்குக் கூடைப்பந்து ஆடினார்கள். மதினி முதல் ஐந்து பேரில் ஒருத்தி. அக்கா ஆறாவது ஆள். யாருக்காவது மூச்சு வாங்கினால் கொஞ்ச நேரம் இறங்குவாள், அப்புறம் வந்து பெஞ்சில் உட்காருவாள். இந்த அநியாயத்தை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

அணிக்குப் பயிற்சி கொடுத்தது என் மாமா, அம்மாவின் தம்பி. அந்த வருஷம் அவருக்கு ஒரு புதுக் கிறுக்கு பிடித்தது. வெளிநாட்டுக் கல்லூரிகளில் எண்களை வைத்துத்தான் ஆளை இறக்குகிறார்கள் என்று செல்போனில் பார்த்துவிட்டார். "இனிமே கண்ணால பாத்து முடிவு பண்ணுததெல்லாம் கிடையாது. பந்தப் பறிச்சது, தடுத்தது, கூடையில பட்டுத் திரும்புனதப் பிடிச்சது, எல்லாம் எனக்கு எண்ணிக்கையா வேணும். ஏட்டி, யாராவது ஒருத்தி எழுதுங்க" என்றார். அவர் சொல்லி முடிக்குமுன் நோட்டு என் கையில் இருந்தது.

பொய்யாக ஒரு கோடுகூட நான் போடவில்லை, சத்தியம். அக்கா இறங்கிய கொஞ்ச நேரத்திலும் பாய்ந்து பாய்ந்து பந்தைப் பறிப்பாள். மதினியோ எதிரணியின் நல்ல ஆட்டக்காரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். தூத்துக்குடி அணியோடு ஆடிய லீக் ஆட்டத்தில் அவர்களுடைய ஒன்பதாம் நம்பர்காரியை விட்டு ஒரு அடி நகரவில்லை. அந்தப் பக்கம் பந்தே வரவில்லை. வந்தால்தானே பறிக்க? சைபர் போட்டேன். அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். அக்காவால் ஜெயித்தோம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இறுதி ஆட்டமும் அதே அணியோடுதான். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வருகிறார்கள் என்றார்கள். மதினிக்கு அது கடைசி வருஷம். இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது. வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது.

ஆட்டத்தன்று காலையில் நோட்டை மாமாவிடம் நீட்டினேன். "மதினி சும்மாத்தான் நிக்காவ, மாமா. நீங்களே பாருங்க."

மாமா புரட்டிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "இல்லட்டி, அவ நின்னா என்னமோ ஒண்ணு இருக்கு" என்றார்.

"அது எத்தன, மாமா?"

மாமா நோட்டை மூடி என்னிடமே தந்தார். எண்ணிக்கை, எண்ணிக்கை என்று எல்லோரிடமும் பேசிவிட்ட மனுஷன் இனி எப்படி மாற்றிப் பேசுவார்? சாயங்காலம் அக்கா ஐந்தில் ஒருத்தியாக இறங்கினாள். மதினி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அக்கா இறங்குமுன் மதினி அவள் கையைப் பிடித்து, "ஒம்பத விட்டு நகராத. பந்தப் பாக்காத, அவளப் பாரு" என்றாள். அக்கா தலையை ஆட்டினாள். ஆனால் நோட்டோடு நான் உட்கார்ந்திருப்பதும் அவளுக்குத் தெரியுமே. பந்து எங்கே போனாலும் அங்கே பாய்ந்தாள். ஆறு தடவை பறித்தாள். பறிக்க முடியாமல் போன தடவைகளிலெல்லாம் ஒன்பதாம் நம்பர்காரி கூடைக்கடியில் தனியாக நின்றாள். வந்த பந்தையெல்லாம் நிதானமாக உள்ளே போட்டாள். அதை எழுத என் நோட்டில் கட்டம் கிடையாது. அக்காவின் கோடுகளை மட்டும் எண்ணிக்கொண்டே வந்தேன், ஆட்டம் முடிகிறவரை.

மாமா கடைசிவரை மதினியை இறக்கவில்லை. தோற்றோம். ஆள் எடுக்க வந்தவர்கள் ஒன்பதாம் நம்பர்காரியின் பெயரை எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். ஆடாத பிள்ளையை எதைப் பார்த்து எடுப்பார்கள்?

"மாமா, அக்கா ஆறு!" என்று நோட்டை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

அப்போது ஒன்பதாம் நம்பர்காரி மைதானத்தைக் கடந்து எங்கள் பெஞ்சுக்கு ஓடிவந்தாள். என் அக்காவை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே போய் மதினியைக் கட்டிக்கொண்டாள்.

"ஏன்ட்டி நீ எறங்கல? போன ஆட்டத்துல ஒன்னால எனக்குப் பந்தே வரல. நீ நிப்பேன்னு பயந்து நேத்து எனக்குச் சோறு எறங்கலட்டி."

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த மதினி, அவள் தோளில் முகத்தை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு பந்து பறித்தவள் இங்கே ஒருத்தி நிற்கிறாள், ஜெயித்த பிள்ளைகூட இவளைத்தான் தேடி வர வேண்டுமா! சும்மா உட்கார்ந்திருந்தவளை ஆற்றுவதற்காக அந்தப் பிள்ளை பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன். நோட்டைப் பிரித்து மதினியின் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்தேன். ஒன்பதாம் நம்பர்காரி சொன்னதற்கு அதில் ஒரு கோடுகூட இல்லை.